கார்புரேட்டரின் மஞ்சள் தோல்

பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கையும் செம்மண் புழுதியையும் பெட்ரோலில் கழுவிவிட்டுப் பார்த்தால், அடியில் ஒரு மங்கிய மஞ்சள் தெரியும். வெளிச்சத்தில் திருப்பினால் அந்த மஞ்சளுக்குள் லேசாகப் பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடும். அதைத் துரு என்றோ பெட்ரோல் கறை என்றோ நினைத்துத் தேய்த்து எடுத்தவர்களே அதிகம். ஆனால் அது தொழிற்சாலையில் வேண்டுமென்றே ஏற்றிய காப்பு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. திண்டிவனம், மயிலம், விழுப்புரம் வட்டாரத்துப் பட்டறைகளில் 1980-களிலிருந்து கழற்றிப் பூட்டப்பட்ட கார்புரேட்டர்களில் இந்தத் தோல் உரிந்துபோனதற்கு மெக்கானிக்குகளின் அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. உலோகத்தைத் துலக்குவது பற்றித் தமிழ் வீடுகளுக்கு இரண்டு விதிகள் தெரிந்திருந்தன. பட்டறைக்கு அவற்றில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. மற்றது வழியில் தொலைந்துபோனது. எப்போது தொலைந்தது என்பதையும் ஏறக்குறையச் சொல்லிவிட முடியும்.

முதல் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பித்தளையோ செம்போ, புளியும் சாம்பலும் போட்டு, போதாவிட்டால் செங்கல் பொடியும் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்தால் பளபளக்கும். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் முன்னால் குத்துவிளக்குகள் இப்படித்தான் துலங்கின. இரண்டாவது விதியைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. பேசத் தேவையில்லாத அளவுக்கு அது கைப்பழக்கமாகியிருந்தது. அதே பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசியது. புளிக்குழம்பும் மோரும் நேராகப் பித்தளையில் பட்டால் களிம்பேறும் என்பதற்காக இட்ட பூச்சு அது. ஈயம் பூசுகிறவர் தெருவுக்குள் வந்து, ஒரு குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடாக்குவார். நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை எழும், வெள்ளீயத்தைத் தொட்டு வைத்து, அது உருகிய கணத்தில் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உட்புறம் முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை சில நாளில் மங்கிச் சாம்பல் நிறமாகும். மங்கினாலும் அதை யாரும் செங்கல் பொடி போட்டுத் துலக்க மாட்டார்கள். துலக்கினால் பூச்சு போய்விடும், மறுபடி ஈயம் பூசுகிறவர் வரும்வரை அந்தப் பாத்திரத்தில் புளி கரைக்க முடியாது. ஒரே பாத்திரத்துக்கு வெளியே பளபளப்பதுதான் சுத்தம். உள்ளே மங்கலாக இருப்பதே சுத்தம்.

இந்த இரண்டாம் விதியைத் தேவையற்றதாக்கியது எவர்சில்வர். 1960-களிலும் 70-களிலும் அது வீடுகளுக்குள் வந்தது. பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்கோ பாத்திரக்கடைக்கோ போயின. 1981-இல் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியபோது அந்த மாற்றம் பெரும்பாலும் முடிந்திருந்தது. எவர்சில்வரும் தோலுள்ள உலோகம்தான். அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது. அது காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறினால் அந்தப் படலம் அங்கேயே உடனே மறுபடி உண்டாகும். அதனால் எவர்சில்வரை எப்படி வேண்டுமானாலும் தேய்க்கலாம், எந்தப் பொடியும் போடலாம். ஒரு தலைமுறை முழுக்க அதைப் பார்த்து வளர்ந்தது. ஈயம் பூசுகிறவரின் குரல் தெருவில் ஓய்ந்த காலமும் மொபெட்டுகள் பெருகத் தொடங்கிய காலமும் ஒன்று. 1980-களில் பதினான்கு, பதினைந்து வயதில் பட்டறைக்கு எடுபிடியாகப் போன பையன்களின் நினைவில் விளக்குக்குப் புளி போடும் விதி இருந்தது. தேய்க்கக் கூடாத மங்கலும் உண்டு என்கிற விதியைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். பட்டறைத் தொழில் அடுப்பங்கரையிலிருந்து பிறந்ததில்லை. சைக்கிள் கடையிலிருந்தும் லேத்துப் பட்டறையிலிருந்தும் வந்தது என்பார்கள். உண்மை. ஆனால் அந்த வழியும் இதே இடத்துக்குத்தான் கொண்டுவிடுகிறது. சைக்கிள் ஹேண்டில்பாரின் குரோம் பூச்சை எந்த மெக்கானிக்கும் உப்புத்தாளால் தேய்க்க மாட்டார். எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார். பெட்ரோல் டேங்க்கின் பெயிண்டில் கீறல் விழுந்தால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார் என்று தெரிந்து பழைய போர்வை போட்டு மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பூச்சு என்றால் என்ன, அதை ஏன் காக்க வேண்டும் என்பதெல்லாம் பட்டறைக்கு நன்றாகவே தெரியும். பளபளக்கிற பூச்சுக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது. மங்கலாக, கறை மாதிரி, மஞ்சளாக இருக்கிற ஒன்று பூச்சாக இருக்கும் என்று நினைக்க எந்தப் பழக்கமும் அவர்களைத் தயார் செய்திருக்கவில்லை.

கார்புரேட்டர்கள் இந்த வட்டாரத்துக்கு வெகு தூரத்திலிருந்து வரவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பேருந்தும் லாரியும் டீசலில் ஓடுகிறவை. அவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆகவே திண்டிவனம் போன்ற நெடுஞ்சாலை ஊரில் பெரிய வண்டிப் பட்டறைகள் பம்பையும் நாசிலையும் பார்த்துக்கொண்டன. கார்புரேட்டர் அம்பாசிடர், பியட் கார்களோடும் மோட்டார் சைக்கிள்களோடும் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. சென்னைப் பாடியில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட், பிரான்சின் சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்களைச் செய்தது. ஓசூரிலிருந்து 1980-இல் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரும் அந்த மொபெட்தான் மயிலம் மாதிரியான ஊர்களில் பால் கேனையும் வேர்க்கடலை மூட்டையையும் புல்லுக்கட்டையும் சுமக்கும் வண்டியானது. 1985-இல் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு சேர்ந்து யூகால் தொடங்கப்பட்டது; அதன் ஆலை மறைமலை நகரில், திண்டிவனத்துக்கு வரும் அதே ஜி.எஸ்.டி. சாலையில். யமஹா ஆர்எக்ஸ் 100 வந்ததும் அதே ஆண்டுதான். இந்தப் பாகத்தைச் செய்கிற இடமும் அதைத் தேய்த்துப் பாழாக்குகிற இடமும் ஒரே சாலையில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தன. சாலையில் பாகம் வந்தது. பாகத்தைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை. நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் ஆங்கிலத்தில், அவர்களுடைய டீலர் பட்டறைகளுக்காக அச்சானவை. கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோட்டில் வேப்பமரத்தடியில் கடை போட்டவருக்கு அவை எட்டவில்லை.

அந்த மஞ்சள் எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள, அடியில் இருக்கும் உலோகத்தைப் பார்க்க வேண்டும். பழைய கார்புரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் உடல் துத்தநாகக் கலவை: துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மெக்னீசியம், சில வகைகளில் கொஞ்சம் செம்பு. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் இந்தக் கலவையை உருவாக்கியது. 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தினால் மயிரிழை போன்ற விளிம்புகளையும் திருகுப்புரிகளையும்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும். பெட்ரோலும் காற்றும் போகும் வளைவு நெளிவான வழிகளுள்ள ஒரு பாகத்தை லட்சக்கணக்கில் மலிவாகச் செய்ய இதைவிட ஏற்ற உலோகம் இல்லை. அதற்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயக் கலப்பு இருந்ததால் அவை சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடிந்துபோயின. துத்தநாகத்தை 99.99 சதவீதம் சுத்தமாக்கக் கற்ற பிறகுதான் அந்த நோய் தீர்ந்தது. ஆனால் இன்னொரு குறை மிஞ்சியது. ஈரமான காற்றில் துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதே நிறுவனம் 1936-இல் காப்புரிமை பெற்ற குரோனாக் முறை இதற்கு விடை சொன்னது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சோடியம் டைகுரோமேட், சில மில்லிலிட்டர் கந்தக அமிலம். அதில் வார்ப்பை ஐந்திலிருந்து பத்து வினாடி முக்கி எடுத்தால் போதும். துத்தநாகத்தின் மேல்தளம் கொஞ்சம் கரைந்து, குரோமியத்தோடு சேர்ந்து, கூழ் மாதிரி ஒரு மஞ்சள் படலமாகப் படியும்; காய்ந்தால் கெட்டிப்படும். முக்கி எடுப்பதால் திரவம் எட்டிய இடமெல்லாம், உள்வழிகள் உட்பட, அந்தப் படலம் இருக்கும். சிறு கீறல் விழுந்தால் பக்கத்துப் படலத்திலிருந்து குரோமேட் ஈரத்தோடு கசிந்து வந்து அந்த இடத்தை ஓரளவு மூடவும் செய்யும். இந்த முறையும் இதன் வழிவந்தவையும்தான் பின்னால் உலகெங்கும் துத்தநாக வார்ப்புகளுக்கு மஞ்சள் நிறம் தந்தன.

புளிக்கும் எலுமிச்சைக்கும் பித்தளையோடு இருக்கிற உறவு வேறு, துத்தநாகத்தோடு இருக்கிற உறவு வேறு. பித்தளை விளக்கின் மேல் படிந்திருப்பது செம்பின் ஆக்சைடு. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டு, அடியிலிருக்கும் உலோகத்தைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகத் துலக்கினாலும் விளக்கு நிற்கிறது. துத்தநாகக் கலவை அப்படி விடாது. எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டைக் கார்புரேட்டர் உடல்மேல் விட்டால் சிறிது நேரத்தில் மஞ்சள் வெளிறும், பிறகு சின்னச் சின்னக் குமிழ்கள் எழும். குமிழ் ஹைட்ரஜன், உலோகமே கரைகிறது என்பதற்கு அடையாளம். துடைத்தால் அந்த இடம் முதலில் வெள்ளிபோல் மின்னும், பிறகு கருஞ்சாம்பலாகும். சரி, அமிலம் வேண்டாம், காரம் போடலாமே என்றால் அதுவும் உதவாது. துத்தநாகமும் அலுமினியமும் அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும் உலோகங்கள். ரீபோர் பட்டறைகளில் வார்ப்பிரும்பு பிளாக்கைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்துப் பிசுக்கெடுப்பது முறையான வேலை. இரும்பு அதைத் தாங்கும். அதே தொட்டியில் கார்புரேட்டரைப் போட்டால் கரியோடு உடலும் கரையும். வெறும் கொதிநீர்கூட நல்லதில்லை. குரோமேட் படலத்தில் நீர் கட்டுண்டு இருக்கிறது. 60, 70 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்த நீர் போய்ப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழும், கீறலை மூடும் குணம் குறைந்துவிடும்.

இத்தனைக்கும் பட்டறையின் மூல வழக்கம் தவறானதே இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. ஒரு தகரத் தட்டில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, பாகங்களை ஊறப்போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷாலோ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ தேய்த்து, கம்ப்ரஸரில் காற்றடித்துப் பூட்டுவதுதான் முதலில் இருந்த முறை. இது மஞ்சளைத் தொடாது. காரணம் எளிது: கார்புரேட்டரில் படிகிற பழுப்புப் பிசின், பெட்ரோல் ஆவியாகி மிஞ்சிய கோந்து, அது கரிமப் பொருள், கரிமக் கரைப்பானில் கரையும். குரோமேட் படலம் உப்பு வகை. பெட்ரோல் அதை அசைக்காது. ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய் கொஞ்சம் பிசுக்கை மிச்சம் வைக்கும். ஆனாலும் தோலை உரிக்காது. கோணல் தொடங்கியது இரண்டாவது கட்டத்தில். கரைப்பானுக்குப் பிறகும் மிஞ்சிய மஞ்சளைக் கண்டு, இன்னும் அழுக்கு போகவில்லை என்று உப்புத்தாளையும் வயர் பிரஷ்ஷையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் எடுத்தபோதுதான் தோல் போனது. வண்டிக்காரரும் அதற்கு உடந்தை. வெள்ளி மாதிரி மின்னும் கார்புரேட்டரைக் கையில் கொடுத்தால் அவர் பணத்தை எண்ணாமல் கொடுப்பார். மஞ்சளாகவே திருப்பிக் கொடுத்தால் கழுவவே இல்லை என்பார்.

கேடு உடனே தெரியவில்லை. அதனால்தான் யாரும் பாடம் கற்கவில்லை. தேய்த்த கையோடு வண்டி நன்றாகவே ஓடும். சித்திரையில் தேய்த்தது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வெள்ளையாகப் பூக்கும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். உலோகப் பூச்சுகளைச் சோதிக்க ஆய்வகங்களில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் புகைபோலத் தெளித்து அதில் பாகங்களைத் தொங்கவிடுவார்கள். அமெரிக்காவில் 1939-இல் இதற்கு முறையான தரநிலை வகுத்தார்கள். கடற்கரை ஊர்களின் மழைக்காலக் காற்று அந்தச் சோதனையைச் செலவில்லாமல், ஆனால் மெதுவாக நடத்திக்கொண்டிருக்கிறது. தோலிழந்த துத்தநாகத்தில் பூக்கும் வெள்ளைப் பொடி, ப்ளோட் கிண்ணத்தின் அடியில் சேர்ந்து, பைலட் ஜெட்டின் துளைக்குப் போய் அடைக்கும். அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி ஐடிலிங்கில் நிற்காது. மறுபடி பட்டறை, மறுபடி தேய்ப்பு. ஆக்சிலரேட்டர் கேபிளில் ஒரு கம்பியை உருவி ஜெட்டைக் குத்தினால் அடைப்பு போகும், பித்தளையில் துளையும் கொஞ்சம் பெருக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். இதை ‘கார்ப் போச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு டூப்ளிகேட் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். எந்தக் காரணம் எந்த விளைவைத் தந்தது என்று பார்க்க ஆறு மாத இடைவெளி நடுவில் நின்றது.

மஞ்சள் போனால் போகட்டும், எஞ்சினுக்கு நிறமா தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சினுக்கு நிறம் தெரியாது, தண்ணீர் தெரியும். 2003-இல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022-இல் 10 ஆகி, 2023-இலிருந்து 20 சதவீதப் பெட்ரோலாக விற்பனைக்கு வந்தது. புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று மயிலம் பக்கத்து வண்டிகள் அங்கே போய் நிரப்பிக்கொண்டாலும் எத்தனாலிலிருந்து தப்ப முடியாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திய வண்டியில் துத்தநாகம் அந்த நீரில் நின்றபடி இருக்கிறது. 1985-இல் இந்தப் படலம் வெளிக்காற்றுக்கு எதிரான காவல். இன்று அது உள்ளேயும் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே தோலுரித்த கார்புரேட்டர் அன்றைக்குத் தாக்குப்பிடித்த அளவு இன்று தாக்குப்பிடிக்கும் என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை.

துலக்கிப் பளபளக்கச் செய்வது நம் மரபு, கோயில் உற்சவ மூர்த்திகளையே புளி போட்டுத்தானே துலக்கினார்கள் என்பது இன்னொரு வாதம். துலக்கினார்கள்; நூற்றாண்டுகளாக நடந்த அபிஷேகத்திலும் துலக்கலிலும் பல பழைய திருமேனிகளின் கண்ணும் மூக்கும் அணிகளின் நுணுக்கமும் தேய்ந்துபோனதைக் கண்ணால் பார்க்கலாம். வழிபாட்டில் இருக்கும் மூர்த்திக்கு அது தேய்மானம்தான். இழப்பாக யாரும் எண்ணுவதில்லை, அதில் நான் வாதம் செய்யப்போவதில்லை. மண்ணிலிருந்து தோண்டி எடுத்த படிமங்களின் விஷயம் வேறு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களில் எஸ். பரமசிவன் இயக்கிய வேதியியல் ஆய்வுக்கூடம், பச்சைக் களிம்பு அரித்துக்கொண்டிருந்த செப்புப் படிமங்களை மின்பகுப்பு முறையில் மீட்டது. குளோரைடு ஏறிய களிம்பு விட்டுவைத்தால் படிமத்தையே தின்னும். அதை நீக்கியது சரி. ஆனால் அந்தக் காலத்தில் உலகெங்கும் கையாளப்பட்ட மின்பகுப்பு முறையில் தீய களிம்போடு நல்ல களிம்பும், வயது காட்டும் மேல்தளமும் போய்விடும் என்பதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் பின்னால்தான் உணர்ந்தார்கள். 1967-இல் பென்சோட்ரையசோல் என்ற பொருளால் களிம்பை அப்படியே நிலைப்படுத்தும் முறை வந்தபின், உரித்தெடுப்பது கடைசி வழியாயிற்று. படித்த விஞ்ஞானிகளும் எது அழுக்கு, எது தோல் என்று பிரித்தறிய ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கூட்டுரோட்டு மெக்கானிக்கை மட்டும் அறியாதவர் என்று சொல்வது நியாயமாகாது.

இந்த வாதங்களிலேயே கனமானது வேறொன்று. அந்த மஞ்சள் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது, அதைப் போய்க் காப்பாற்றச் சொல்வதா? திண்டிவனத்திலிருந்து வடமேற்கே ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்காக, இதே குடும்பத்து உப்புகளைச் செய்தது. 1990-களின் நடுவில் அது மூடப்பட்டபோது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன் அளவு என்று மதிப்பிட்டார்கள். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. ஐரோப்பா 2007-க்குப் பின் புதிய வண்டிகளில் இந்தப் பூச்சைத் தடுத்துவிட்டது. மூன்று இணைதிறன் குரோமியப் பூச்சுகள் அந்த இடத்துக்கு வந்தன. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் பழைய பாகத்தைப் பொறுத்தவரை என் முடிவு மாறவில்லை, இன்னும் உறுதிப்படுகிறது. ஒரு கார்புரேட்டரின் மேலிருக்கும் குரோமேட் மிகச் சொற்பம். ஆபத்து தொட்டியிலும் கழிவிலும் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் அந்தச் சொற்பமும் தூசியாகி, தேய்க்கிறவரின் மூக்குக்குள் போகிறது. ஆசிட்டில் கழுவினால் பட்டறைச் சாக்கடைக்குப் போகிறது. உரித்தபின் மறுபடி அதே மஞ்சள் வேண்டுமென்று கேட்டால் எங்கோ ஒரு பிளேட்டிங் கடையில் இன்னொரு தொட்டி நிரம்ப வேண்டும். ஏற்கெனவே விலை கொடுத்துப் போட்ட தோலை அப்படியே விட்டுவைப்பதுதான் குறைந்த நஞ்சு. கழுவும்போது கையுறை போட்டுக்கொள்வது அவ்வளவு பெரிய செலவும் இல்லை.

மறுபூச்சு போடுவதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. வெள்ளை பூத்துக் குழி விழுந்த உடலுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். ஆனால் ஆர்எக்ஸ் 100-ஐயும் பழைய புல்லட்டையும் புதுப்பிக்கிறவர்கள் இப்போது எடுத்த எடுப்பிலேயே கண்ணாடி மணலடிக்கும் இயந்திரத்துக்குக் கார்புரேட்டரை அனுப்புகிறார்கள். அந்தக் கண்ணாடி உருண்டைகள் உள்வழிகளில் போய் ஒளிந்துகொண்டு எஞ்சின் ஓடும்போது வெளியே வரும். ஸ்லைடு ஓடும் துளையின் உள்சுவரில் பட்டால் இடைவெளி கூடி, காற்று கசியும். உடலில் வார்த்திருக்கும் தயாரிப்பாளர் குறியும் எண்ணும் மழுங்கும். பழைய வண்டிச் சந்தையில் அசல் கார்புரேட்டர் என்று நிரூபிப்பவை அவைதான். இப்படி வேலை முடிந்த பாகம் முதலில் இருந்ததைவிட மெல்லியதாகத்தான் திரும்பி வருகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் பழைய முறையிலேயே உண்டு. ரப்பர் ஓ-ரிங்கையும் ப்ளோட்டையும் கழற்றி வைத்துவிட்டு, உடலை மட்டும் மூடியுள்ள டப்பாவில் பெட்ரோலிலோ தின்னரிலோ இரவு முழுக்க ஊறப்போட்டால் மெக்கானிக்குக்கு அதில் வேலையே இல்லை. டப்பாவை அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் கோந்து தளர்ந்து, நைலான் பிரஷ்ஷுக்கே வந்துவிடும். பித்தளை ஜெட்டுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் அவற்றுக்கு வேண்டுமானால் எலுமிச்சையும் போடலாம். அது பித்தளை, அதற்குப் பழைய விதி பொருந்தும். இரண்டு உலோகத்தையும் ஒரே தட்டில் ஒரே மருந்தில் போடுவதுதான் சிக்கல். வெள்ளை பூத்த இடத்தை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி வைத்தால், மற்ற இடத்து மஞ்சள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கிற கடைகள் காரம் குறைந்த சோப்பையும் 50 டிகிரிக்குக் குறைந்த சூட்டையும் வைத்துக்கொண்டால் அதுவும் கெடுதல் செய்யாது.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 விதி வந்ததும் புதிய இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. அதுவரை கார்புரேட்டரில் ஓடிய புல்லட் 350-உம் மொபெட்டும்கூட இன்ஜெக்ஷனுக்கு மாறின. இனி இந்தப் பேச்சே எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தேதிக்கு முன் பதிவான வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன, அவற்றுக்கான அசல் கார்புரேட்டர்கள் இனிப் பெருகப் போவதில்லை. வண்டிகளோடு விஷயம் முடியவுமில்லை. வேர்க்கடலை ஆராய்ச்சிக்குப் பேர்போன திண்டிவனத்தைச் சுற்றிய வயல்களில் முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர்களும் களைவெட்டிகளும் இன்றும் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. இவை வண்டியைப் போல அன்றாடம் ஓடுவதில்லை. பருவம் முடிந்ததும் மிச்சப் பெட்ரோலோடு கொட்டகையில் வைத்துவிடுவார்கள்; எத்தனால் பிரிந்து நீர் தங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அடுத்த விதைப்பில் ஸ்டார்ட் ஆகாமல் அவை வந்து நிற்பது அதே டூவீலர் பட்டறைகளின் வாசலில்தான். அவற்றின் சின்னக் கார்புரேட்டர்களில் பல அலுமினியம், சில துத்தநாகம். இரண்டுமே ஆசிட்டையும் காஸ்டிக்கையும் தாங்காது. இரண்டுக்குமே பெட்ரோல் தட்டும் பழைய பிரஷ்ஷும் போதும்.